இறைச்சி வேண்டாம் என்னும் குழந்தைக்குப் புரதம் எப்படி?

மூன்று வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 13 கிராம் புரதம் போதும். ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் ஏறத்தாழ 12 கிராம் தந்துவிடும்.

முட்டையும் வேண்டாமென்றால்? அரிசிப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறையும் மெத்தியோனினை அரிசி ஈடுசெய்கிறது. அதனால்தான் இட்லியும் பொங்கலும் அருமையான புரத உணவுகள். அரிசியும் பருப்பும் ஒரே வேளையில் சேரவேண்டியதில்லை, ஒரே நாளில் சேர்ந்தால் போதும். ஆனால் பருப்புத் தண்ணீரை மட்டும் இறுத்தெடுத்து ஊட்டாதீர்கள். புரதம் பெரும்பாலும் அடியில் தங்கும் பருப்பில்தான் இருக்கிறது.

உண்மையில் என் கவலை இரும்புச்சத்து பற்றியது. பயறிலுள்ள இரும்பைக் குடல் எளிதில் உறிஞ்சாது. கூடவே ஒரு கொய்யாத் துண்டு கொடுத்தால் அதிலுள்ள வைட்டமின் சி உதவும். பாலை அளவுக்கு மீறிக் கொடுத்தால் மற்ற உணவுக்கு வயிற்றில் இடமிருக்காது, இரும்பும் குறையும்.