பெரிய வியாபாரியை வேறுபடுத்திக் காட்டுவது எது?



சுபஹுத் தொழுகை முடிந்து கடை திறந்தால் இஷா வரை கடையே கதியென்று இருப்பவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம் வியாபாரி உழைப்பில் யாருக்கும் குறைந்தவர் அல்லர். அப்படியிருந்தும் முப்பது வருடம் உழைத்த ஒருவர் அதே ஒற்றைக் கடையில் நிற்கிறார். இன்னொருவர் பல்லாயிரம் பேருக்கு வேலை கொடுக்கும் நிலைக்கு உயர்கிறார். இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது?

"அவருக்கு முதல் இருந்தது", "அவருடைய நஸீப்" என்று சொல்லிவிட்டு நாங்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்தே வருகிறது என்பதில் எமக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொல்லும் மார்க்கம் நம்முடையது. ஆகவே, உயர்ந்தவர்கள் ஒட்டகத்தை எப்படிக் கட்டினார்கள் என்று பார்ப்பது நமது கடமை.

21 வயதில் வந்த பொறுப்பு

இந்தியாவின் அஸீம் பிரேம்ஜியை எடுத்துக்கொள்வோம். அவருடைய தந்தை 1945ஆம் ஆண்டு மகாராஷ்டிர மாநிலத்தின் அமல்நேர் என்ற சிறு ஊரில் வனஸ்பதி எண்ணெய் ஆலை ஒன்றைத் தொடங்கினார். 1966இல் தந்தை திடீரெனக் காலமானபோது, அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகன் படிப்பை இடையில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 21.

தந்தை விட்டுச் சென்ற ஆலை இருந்தது, உண்மைதான். ஆனால் தகப்பன் விட்டுச் சென்ற கடையை இரண்டே வருடத்தில் மூடிய பிள்ளைகளை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். ஆகவே முதல் மட்டும் போதாது. பிரேம்ஜி எண்ணெயோடு நிற்கவில்லை. சவர்க்காரம் முதலிய பொருட்களுக்கும் போனார். 1970களின் இறுதியில், வெளிநாட்டுக் கம்பனிகள் தம் பங்கைக் குறைக்க வேண்டும் என்ற சட்டத்தை ஏற்காமல் ஐ.பி.எம். கம்பனி இந்தியாவை விட்டு வெளியேறியது. கணினிச் சந்தையில் ஓர் இடம் காலியானது. எண்ணெய் வியாபாரி அந்த இடத்தைக் கண்டார். 1980களின் தொடக்கத்தில் அவருடைய விப்ரோ கணினி செய்தது. பின்னர் மென்பொருளுக்குப் போனது. 2000ஆம் ஆண்டு நியூயோர்க் பங்குச் சந்தையில் இடம்பிடித்தது.

கவனியுங்கள். எண்ணெய் வியாபாரம் படுத்த பிறகு அவர் வேறு வழி தேடவில்லை. அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைத் தொடங்கினார். சாதாரண வியாபாரி இன்றைய விற்பனையைப் பார்க்கிறார். பெரிய வியாபாரி, இந்தச் சாமான் பத்து வருடத்திற்குப் பிறகும் போகுமா என்று பார்க்கிறார். முதலாவது வேறுபாடு இதுதான்.

கல்லாப் பணம் யாருடையது?

இரண்டாவது வேறுபாடு கணக்கு. 2022ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி தனது வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அப்போது பல கடைகளில் சனம் நிறைந்திருந்தது, சாமான் வேகமாகப் போனது, முதலாளி சந்தோஷப்பட்டார். மூன்று மாதம் கழித்து றாக்கை காலி, கையில் இருந்த காசுக்குப் பாதிச் சாமான்கூட வரவில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2000 ரூபாவுக்கு வாங்கிய குழாயை 2400 ரூபாவுக்கு விற்றால் 400 ரூபா லாபம் என்று மனம் சொல்லும். ஆனால் அதே குழாயை மறுபடி வாங்க 3000 ரூபா வேண்டுமென்றால், உண்மையில் 600 ரூபா முதலை இழந்துவிட்டோம். அந்த "லாபத்தில்" வீட்டுச் செலவும் செய்திருந்தால் இழப்பு இன்னும் அதிகம். கடைக் காசு வேறு, வீட்டுக் காசு வேறு என்று பிரித்து வைத்தவருக்கே இது கண்ணில் படும். ஒரே கல்லாவிலிருந்து பிள்ளையின் டியூஷன் காசும் லொறிக் கூலியும் போகும் கடையில் யாருக்கும் எதுவும் தெரியாது.

கடனை எழுதி வைக்கும்படி கட்டளையிடும் வசனம் அல்பகராவின் 282ஆவது வசனம். குர்ஆனின் மிக நீண்ட வசனமே அதுதான். அப்படியிருந்தும் "நம்மட ஆள்தானே" என்று எழுதாமல் கொடுத்து, கடைசியில் காசையும் உறவையும் சேர்த்து இழக்கிறோம்.

முதலாளி இல்லாத நாளில்

மூன்றாவது வேறுபாடு ஆட்கள். நமது கடைகளில் கொள்முதல் விலை முதலாளியின் தலைக்குள் இருக்கும். யார் எவ்வளவு தர வேண்டும் என்பதும் அங்கேதான். முதலாளி ஹஜ்ஜுக்குப் போனால் கடை அரை உயிர். ஜனாஸா போனால் கடையும் அதன் பின்னால் போகும். பெரியவர்கள் தமக்குத் தெரிந்ததை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். மச்சான் என்பதற்காகப் பொறுப்புக் கொடுக்காமல், தகுதி பார்த்துக் கொடுக்கிறார்கள். 2019இல் பிரேம்ஜி தலைவர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றபோது விப்ரோ ஒரு நாள்கூட நிற்கவில்லை.

எவராலும் பறிக்க முடியாத முதல்

நான்காவது விடயத்தை நமக்கு யாரும் புத்தகத்தில் படித்துக் காட்டத் தேவையில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கடை, சாமான், நகை, லொறி எல்லாம் போயின. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு மறுபடி வியாபாரம் தொடங்கியவர்களுக்கு எது முதலாக இருந்தது? பெயர்தான். எனக்குச் சாமான் தந்த புறக்கோட்டை மொத்த வியாபாரி பிணை கேட்கவில்லை. அதற்கு முன்னர் கொடுத்த காசோலை ஒன்றும் திரும்பியதில்லை என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது. நாணயம் இல்லாதவர்கள் அதே புறக்கோட்டையில் ரொக்கம் இல்லாமல் ஓர் ஆணிகூட வாங்க முடியவில்லை. நபித்துவத்திற்கு முன்பே நமது நபி (ஸல்) அவர்களை மக்கா வாசிகள் அல் அமீன் என்று அழைத்தார்கள் என்பதையும் இங்கே நினைவுகூர்வோம்.

லாபம் எதற்கு?

கடைசியாக, லாபத்தை என்ன செய்வது என்பதிலும் பெரியவர்கள் வேறுபடுகிறார்கள். பிரேம்ஜி 2001இல் கல்விக்காக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். 2019இல், விப்ரோவில் தனக்குரிய பங்குகளில் பெரும் பகுதியின் பயன் அதற்கே சேரும்படி செய்தார். நம் நாட்டிலேயே பேருவளை மாணிக்க வியாபாரி மர்ஹூம் நளீம் ஹாஜியார் இருக்கிறார். பாடசாலைப் படிப்பு அதிகம் இல்லாத அவர், 1973இல் ஜாமிஆ நளீமிய்யாவை நிறுவினார். 2005இல் அவர் வபாத்தானார். அவர் விற்ற கற்கள் எந்த நாட்டில் யார் விரலில் இருக்கின்றனவோ, கலாபீடமோ இன்றும் ஆலிம்களை உருவாக்கிக்கொண்டிருக்கிறது.

நாம் எல்லோரும் பிரேம்ஜியாக முடியாது, ஆக வேண்டியதுமில்லை. ஆனால் கொழும்பின் பெரிய சுப்பர்மார்க்கெட்டுகள் யாழ்ப்பாணத்திலும் கிளை திறந்துவிட்ட காலம் இது. அவர்களிடம் கணக்கும் உண்டு, பயிற்சி பெற்ற ஆட்களும் உண்டு. நம்மிடம் உள்ள நாணயத்தோடு அந்த இரண்டையும் சேர்க்காவிட்டால், மீளக்குடியேறிக் கஷ்டப்பட்டுத் திறந்த கடைகளை நம் பிள்ளைகள் காலத்தில் காண முடியாது.

இன்று அஸருக்குப் பிறகு ஒரு கொப்பி வாங்குங்கள். கடைக்கு வர வேண்டியது, கடை கொடுக்க வேண்டியது, வீட்டுக்கு எடுத்தது என்று மூன்று பத்தி போடுங்கள். கடையில் நிற்கும் பையனுக்கோ உங்கள் மகனுக்கோ அதை வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். ஒரு மாதம் விடாமல் எழுதினால், உங்கள் கடையின் உண்மை நிலை உங்களுக்கே தெரியும். இன்ஷா அல்லாஹ், மற்றதெல்லாம் அங்கிருந்து தொடங்கும்.