கல்லறைத் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரம்

கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2 நெருங்கிவிட்டால், பங்கு இளைஞர்கள் பெட்ரோலில் ஓடும் புல்வெட்டும் இயந்திரத்தோடு கல்லறைத் தோட்டத்திற்கு வந்துவிடுகின்றனர். நன்றே, ஆயினும் அங்கே மெழுகுதிரிகளும் எரிகின்றனவே! பெட்ரோலின் ஆவி காற்றினும் கனமானது. மேலெழாது, தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள சுடரையும் எட்டும். பூச்சியத்திற்குக் கீழ் ஏறத்தாழ 40 பாகை சென்டிகிரேட் குளிரிலேயே தீப்பற்றவல்ல அது, நம் ஐப்பசி வெயிலில் எப்படியிருக்கும்?

ஆதலின் திரிகள் அணைந்த பின்னரே, கல்லறைகளுக்கு அப்பால், இயந்திரம் நன்கு ஆறியபின் பெட்ரோல் ஊற்றுக. விளிம்புவரை நிரப்பலாகாது. சிந்தியதைத் துடைத்து, உலர்ந்தபின் தள்ளிச் சென்று முடுக்குக. கத்தியில் சிக்கிய புல்லை எடுக்குமுன் ஸ்பார்க் பிளக்கின் கம்பியைக் கழற்றுக. அவசரக்காரர் மறப்பது இதனைத்தான்.

பணி முடிந்ததும் எஞ்சிய பெட்ரோலை வடித்துவிட வேண்டும். மாதக்கணக்கில் கிடந்தால் கெட்டுக் கார்புரேட்டரை அடைத்துவிடும். வடித்த கேனைத் திருப்பொருள் அறையில் வைக்க இடங்கேட்டு எவரும் என்னிடம் வர வேண்டா.