உறங்கும் நேரமும் இதயமும்

மனித இதயம் ஒரு நாளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை துடிக்கிறது. ஓயாமல் உழைக்கும் அவ்வுறுப்பு முற்றிலும் ஓய்ந்திருக்க இயலாது. உழைப்பைக் குறைத்துக்கொள்ளும் வேளை மட்டுமே அதற்கு உண்டு. அவ்வேளைதான் இரவு உறக்கம். நலமுடன் இருப்பவர் உறங்கும்போது, அவருடைய குருதி அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 விழுக்காடு வரை தாழ்கிறது. இரவில் இவ்வாறு தாழாதவர்க்கு இதயநோய் வரும் வாய்ப்பு மிகுதி.

இரவு வந்ததை உடல் எவ்வாறு அறிகிறது? 1729ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் தெ மைரான், தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். கதிரொளி படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவில் குவிந்தன. நேரத்தை உணர்த்தும் கடிகாரம் அச்செடிக்குள்ளேயே இருந்தது! மனிதரிடம் அத்தகைய கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில் உள்ளது; இதயத்தின் செல்களிலும் சிறு கடிகாரங்கள் இயங்குகின்றன. இவை மரபணுக்களால் இயங்கும் முறையை விளக்கியமைக்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவரும் 2017இல் நோபல் பரிசு பெற்றனர்.

விடியலுக்கு முன்பே இக்கடிகாரம் கார்ட்டிசால் என்னும் சுரப்பை உயர்த்தி, உடலை விழிப்புக்கு ஆயத்தப்படுத்துகிறது. ஒருநாள் இரவு 10 மணிக்கும் மறுநாள் 2 மணிக்கும் படுப்பவரிடம் இந்த ஒழுங்கு பிறழ்கிறது. அவர் ஆழ்ந்து உறங்கவேண்டிய பொழுதில் உடல் எழுவதற்கு ஆயத்தமாகிவிடுகிறது.

அமெரிக்காவில் 45 முதல் 84 வயது வரையிலான 1,992 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்று 2020இல் வெளியானது. மணிக்கட்டில் அணிந்த கருவி, 7 நாள்கள் அவர்களுடைய உறக்கத்தைப் பதிவுசெய்தது. பின்னர் ஏறத்தாழ 5 ஆண்டுகள் அவர்களுடைய உடல்நலம் கண்காணிக்கப்பட்டது. உறங்கத் தொடங்கும் நேரம் 90 நிமிடங்களுக்கு மேல் முன்பின்னாக மாறியவர்களுக்கு, 30 நிமிடங்களுக்குள் மாறியவர்களைக் காட்டிலும் இதய, குருதிநாள நோய்கள் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. உறங்கிய மணிநேரத்தைக் கணக்கில் கொண்ட பிறகும் இவ்வேறுபாடு மறையவில்லை. எனினும், இரண்டும் சேர்ந்து வருவதை இவ்வாய்வு காட்டுகிறதே அன்றி, ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்று நிறுவவில்லை. இவ்வேறுபாட்டை மாணவர் மறத்தலாகாது.

தேர்வுக் காலத்தில் பின்னிரவு வரை விழித்துப் படித்துவிட்டு, ஞாயிறன்று நண்பகல் வரை உறங்கி ஈடுசெய்வோர் பலர். இழந்த உறக்கத்தில் ஒரு பகுதி அதனால் மீளக்கூடும். ஆனால் கடிகாரம் பின்தங்கிவிடும். திங்கட்கிழமை காலை வகுப்பில் கண்கள் சொக்குவதற்கு இதுவும் ஒரு காரணம். அக்கடிகாரத்தை நாள்தோறும் திருத்துவது காலையொளியே. ஆதலால், படுக்கும் நேரத்தை ஒழுங்குபடுத்த முயன்று தோற்பவர்கள், முதலில் எழும் நேரத்தை மாறாமல் வைத்துக்கொள்ளலாம். சில நாள்களில் உறக்கமும் உரிய வேளையில் வரத் தொடங்கும்.