சட்டமும் சித்திரமும்

சென்ற மாதம் எங்கள் வாசகர் வட்டத்தின் மாலைக் கூட்டத்திலே பழைய திரைப்படம் ஒன்றைத் திரையிட்டோம். ஜூல்ஸ் டசின் 1964ஆம் ஆண்டில் நெறிப்படுத்திய 'டொப்காபி' அது. இஸ்தான்புல் நகரில் ஒட்டோமான் சுல்தான்களின் அரண்மனையாயிருந்து நூதனசாலையாக மாறிய டொப்காபியிலே மரகதம் பதித்த கட்டாரி ஒன்று உண்டு. அதனைக் களவாட ஒரு கூட்டம் திட்டமிடுகின்றது. காட்சிக்கூடத்தின் தரையிலே சிறிது பாரம் பட்டாலும் அபாய மணி ஒலிக்கும். ஆதலால், மேலேயுள்ள சாளரத்தினூடாக ஒருவனைக் கயிற்றிற் கட்டி இறக்குகின்றனர். கயிற்றைப் பிடித்திருப்பவர்களில் ஒருவனோ உயரத்தைக் கண்டால் நடுங்குபவன். அப்பாத்திரத்தை ஏற்ற பீற்றர் உஸ்தினோவுக்கு ஒஸ்கார் விருது கிடைத்தது.

தொங்குபவனின் கால் தரையை நெருங்குந்தோறும் எங்கள் கூட்டத்தில் மூச்சொலிகூடக் கேட்கவில்லை. கட்டாரி அவன் கைக்கு வந்ததும் எல்லாரும் கைதட்டினோம். நானுந்தான் தட்டினேன்.

படம் முடிந்து விளக்குகள் எரிந்தபின் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்தாள். “சேர், நாங்கள் எல்லாரும் ஏன் கள்ளன்ர பக்கம் நிண்டனாங்கள்?” என்று கேட்டாள். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆயினும், அக்கேள்வி வீடுவரை என்னோடு வந்தது.

முதற் காரணம் தொழில் நேர்த்தி என்று தோன்றுகின்றது. டசின் இதற்கு முன்னர், 1955இல், 'றிஃபிஃபி' என்ற படத்தைப் பிரான்சில் எடுத்தார். பாரிஸ் நகரத்து நகைக் கடையொன்றைக் கொள்ளையிடும் காட்சி அதிலே அரை மணி நேரமளவு நீள்கின்றது. அவ்வளவு நேரமும் உரையாடலில்லை, இசையில்லை. மேல்மாடியின் தளத்தைத் துளைத்து, அத்துளையினூடாகக் குடையொன்றை இறக்கி விரிக்கின்றனர். உடைந்து விழும் சாந்துக் கட்டிகள் ஓசையின்றிக் குடைக்குள் தங்கிவிடுகின்றன. அதைப் பார்க்கும் நாம், அவர்கள் கள்வர் என்பதை மறந்து, கைதேர்ந்த தச்சனொருவன் வேலை செய்வதைப் பார்ப்பதுபோல ஒன்றிவிடுகின்றோம். பொறுமையையும் உழைப்பையும் மெச்சும் மனம், அவ்வுழைப்பு எதற்காக என்று அவ்வேளையிற் கேட்பதில்லை.

இரண்டாவது காரணம் சற்று நுட்பமானது. நூதனசாலைக் களவைச் சொல்லும் படங்கள், அக்களவினால் ஒருவருக்கும் நட்டம் வராதபடி பார்த்துக்கொள்கின்றன. வில்லியம் வைலர் 1966இல் எடுத்த படத்திலே ஓட்றி ஹெப்பேர்னும் பீற்றர் ஓ டூலும் பாரிஸ் நூதனசாலையிலிருந்து ஒரு வீனஸ் சிலையைத் திருடுகின்றனர். அச்சிலையோ போலி, அதனை இரவல் கொடுத்ததும் கதாநாயகியின் தந்தையே. குட்டு வெளிப்படாதிருக்கவே அக்களவு! 1999இல் வெளிவந்த 'தோமஸ் கிறவுண்' படத்திற் களவுபோன மோனேயின் ஓவியம், வேறொரு சித்திரத்தின் கோலத்தில், அதே நூதனசாலைக்குத் திரும்பி வந்துவிடுகின்றது. 'டொப்காபி'யிலும், சாளரத்தால் நுழைந்த ஒரு சிறு பறவை தரையில் இறங்க, மணி ஒலிக்கின்றது. கள்வர் சிறை செல்கின்றனர். களவின் இன்பம் நமக்கு, நட்டம் எவருக்குமில்லை. கைதட்டுவதில் என்ன தடை?

வெளியுலகிலோ அத்தகைய ஏற்பாடு எதுவுமில்லை. அதற்கு இலண்டனில் நிகழ்ந்த ஒரு சம்பவத்தைச் சொல்லலாம். கோயா வரைந்த வெலிங்டன் பிரபுவின் உருவப்படத்தை அமெரிக்கச் செல்வர் ஒருவர் வாங்கியபோது, அது நாட்டைவிட்டுப் போகாதிருக்க 1,40,000 பவுண் திரட்டி அதனை மீட்டனர். 1961 ஓகஸ்ட் 2ஆந் திகதி தேசிய ஓவியக்கூடத்திற் காட்சிக்கு வைத்தனர். 21ஆந் திகதி அது காணாமற்போயிற்று. மறுவருடம் வெளிவந்த 'டொக்டர் நோ' படத்தில், வில்லனின் மாளிகையிலே அவ்வோவியத்தின் பிரதியொன்றை வைத்து வேடிக்கை செய்தனர்.

உண்மையில் அது மாளிகை எதற்கும் போகவில்லை. படம் திரும்ப வேண்டுமானால் ஏழைகளின் தொலைக்காட்சி அனுமதிப்பத்திரச் செலவுக்குப் பணம் தருமாறு கடிதங்கள் வந்தன. பணம் கிடைக்காமலே 1965இல், பேர்மிங்ஹாம் புகையிரத நிலையத்தின் பொதிக் காப்பகத்திலிருந்து ஓவியம் மீண்டது. பின்னர், முன்னாட் பஸ் சாரதியான கெம்ப்ரன் பண்டன் என்ற முதியவர் பொலிசாரிடம் சரணடைந்தார். அவருடைய மகனே எடுத்தவன் என்பது 2012இல் வெளியான அரச ஆவணங்களால் தெரியவந்தது. இக்கதையே 2020இல் 'த டியூக்' என்ற திரைப்படமாயிற்று.

வழக்கின் தீர்ப்புத்தான் விசித்திரமானது. ஓவியத்தைத் தம்முடையதாக்கிக்கொள்ளும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லையாதலால், அதைத் திருடிய குற்றத்திலிருந்து அவர் விடுவிக்கப்பட்டார். திரும்பி வராத மரச்சட்டத்தைத் திருடியமைக்கு மாத்திரம் மூன்று மாதச் சிறை! திருப்பிக் கொடுக்கும் நோக்கம் இருந்துவிட்டால் நாலு வருட மறைப்பு ஒரு களவே அன்று என்றாகிவிட்டது. 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்திலே பாராளுமன்றம் இதற்குத் தனிப் பிரிவொன்றை வகுத்தது. பொதுமக்கள் பார்வைக்கென வைக்கப்பட்ட பொருளை அனுமதியின்றி அகற்றுவதே குற்றம் என்றது அப்பிரிவு. பொருளின் உடைமை வேறு, அதைப் பார்க்கும் உரிமை வேறு. பின்னது ஊரார் எல்லாருக்கும் உரியது. டொப்காபிக் கட்டாரியின் வரலாறும் இதையே சொல்கின்றது. பாரசீக மன்னன் நாதிர் ஷாவுக்கெனச் சுல்தான் 1747இல் அனுப்பிய பரிசு அது. மன்னன் கொலையுண்ட செய்தி வழியிலே எட்டத் தூதர் அதைத் திருப்பிக் கொணர்ந்தனர். ஒரு மன்னனின் கண்ணுக்கென்றே செய்த பொருளை இன்று எவரும் சென்று பார்க்கலாம்.

பார்வையைப் பறிப்பது எத்தகையது என்பதை அறிய அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குச் செல்லவேண்டும். 1990 மார்ச் 18ஆந் திகதி, பொலிஸ் உடை தரித்த இருவர் இசபெல்லா ஸ்ருவேட் கார்ட்னர் நூதனசாலைக்குள் நுழைந்து, காவலர்களைக் கட்டிவைத்து, 81 நிமிடத்தில் 13 பொருள்களை எடுத்துச் சென்றனர். கயிறுமில்லை, குடையுமில்லை. ரெம்பிராண்ட் வரைந்த ஒரே கடற்காட்சியைச் சட்டத்திலிருந்து அறுத்தெடுத்தனர். இத்தனை ஆண்டுகளாகியும் அவற்றுள் ஒன்றும் மீளவில்லை. வெறுஞ் சட்டங்கள் அவ்விடத்திலேயே தொங்குகின்றன. 2025 ஒக்டோபரிலே பாரிஸ் லூவர் நூதனசாலையில் சில நிமிடங்களில் அரச நகைகள் களவாடப்பட்டபோது, சினிமாவைப் போலிருக்கின்றதே என்று வியந்தவர்களுள் நானும் ஒருவன். பொஸ்டனின் வெறுஞ் சட்டம் அப்பொழுது என் நினைவுக்கு வரவில்லை.

இவ்வளவும் எழுதிய பின்னர் ஒன்றை ஒளிப்பது முறையன்று. மாணவனாயிருந்த காலத்தில், ஒரு நூலகத்தின் ஓவிய நூலிலிருந்து, ரெம்பிராண்ட் வரைந்த முதியவர் ஒருவரின் முகத்தைச் சவர அலகினால் அறுத்தெடுத்தேன். அலகின் ஓசை கேளாதிருக்க இருமினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். சில வாரங்களின் பின் இளையவன் ஒருவன் அதே நூலைப் புரட்டக் கண்டேன். அறுத்த விளிம்பிலே அவன் விரல் நின்றது. எதிர்ப்பக்கத்தில் அச்சித்திரத்தைப் பற்றிய விளக்கம் இருந்தது. அதை வாசித்துவிட்டு, படம் அடுத்த தாளில் இருக்குமோ என்று அவன் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மறுவாரக் கூட்டத்தில் அந்த மாணவியிடம் இதைச் சொன்னேன். இம்முறை எவரும் சிரிக்கவில்லை.

“அந்தப் படம் இப்ப எங்கை, சேர்?”

“1995இல் இடம்பெயர்ந்தபோது வீட்டோடு போயிற்று, பிள்ளை” என்றேன்.