ஓடையின் ஒருநாள் உயிர்கள்

கோடை மழை பெய்து ஓய்ந்த மாலையில் புற்றிலிருந்து ஈசல்கள் திரளாகப் புறப்படுவதைத் தமிழகத்துச் சிற்றூர்கள் நன்கறியும். கோழியும் காக்கையும் பல்லியும் அவற்றுக்காகக் காத்திருக்கும். நீருக்கடியிலிருந்தும் இத்தகைய சிறகுத் திரள் புறப்படுவதுண்டு. மலையோடைகளில் நிகழும் அதனைப் பலர் கண்டதில்லை. அங்கே காத்திருப்பவை மீன்கள்.

ஒருநாள் பூச்சி எனத்தக்க மேஃபிளை, தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இளவுயிரியாக நீருக்குள்ளேயே கழிக்கிறது. கூழாங்கற்களில் ஒட்டிய பாசியையும் மட்கிய இலையையும் உண்டு வளரும் அது, பருவம் வந்ததும் நீர்மட்டத்திற்கு எழுந்து, தோலுரித்துச் சிறகு பெறுகிறது. சிறகு பெற்ற பின்னும் மீண்டும் ஒருமுறை தோலுரிக்கும் பூச்சியினம் இது ஒன்றே. முதிர்ந்த பூச்சிக்குப் பயன்படும் வாயுறுப்பு இல்லை. ஆதலால் அது உண்பதில்லை. சில மணிநேரமோ ஓரிரு நாளோ வாழ்ந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டு மடிகிறது. குளிர்நாட்டு ஆறுகளில் இளவேனிலிலும் கோடையிலும் இவை ஒரே வேளையில் ஆயிரக்கணக்கில் வெளிவரும். எழும் பூச்சி சிறகு உலர்வதற்குள் டிரவுட் மீனுக்கு இரையாகிறது.

இந்நிகழ்வைக் கூர்ந்து நோக்கியதன் விளைவே செயற்கை ஈத்தூண்டில். உயிருள்ள பூச்சியைத் தூண்டில் முள்ளில் கோத்தால் அது சிதைந்துவிடும். எனவே மாசிதோனிய மீனவர்கள் முள்ளில் செந்நிறக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகைக் கட்டி மீன் பிடித்தனர் என்று, ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏலியன் என்னும் எழுத்தாளர் குறிப்பிடுகிறார். இங்கிலாந்தில் ஆல்பிரட் ரொனால்ட்ஸ் 1836இல் வெளியிட்ட நூல், ஆற்றுப் பூச்சிகளையும் அவற்றைப் போன்ற செயற்கை ஈக்களையும் அருகருகே வைத்து விளக்கியது. மீன்பிடிப்போர் பூச்சியியலையும் கற்கத் தொடங்கினர்.

இக்கலை ஆங்கிலேயருடன் தமிழக மலைகளுக்கும் வந்தது. மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1860களில் நீலகிரி ஓடைகளில் டிரவுட்டை வளர்க்க முயன்றார், அம்முயற்சி நிலைக்கவில்லை. பின்னர் எச்.சி. வில்சன் என்பவரின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. வட அமெரிக்காவின் மேற்குக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட் நீலகிரியில் வேரூன்றியது.

சேர்வராயன் மலையும் ஆங்கிலேயர் விரும்பிக் குடியேறிய இடமே. ஆயினும் டிரவுட்டுக்கு உகந்த வாழிடம் அங்கில்லை. இதற்கு விடை நீரின் வெப்பத்தில் உள்ளது. நீர் குளிர்ந்திருக்கும் அளவுக்கே அதில் உயிர்வளி மிகுதியாகக் கரையும். டிரவுட் 20 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்த நீரில் செழிக்கும். 25 டிகிரியை ஒட்டிய வெப்பம் அதன் உயிருக்கே கேடாகும். முட்டை பொரிய இன்னும் குளிர்ந்த நீர் வேண்டும். அவலாஞ்சி கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கு மேல் உள்ளது. ஏற்காடோ ஏறத்தாழ 1500 மீட்டர் உயரமே கொண்டது.

இதனை ஏற்காட்டின் குறையாகக் கருத வேண்டியதில்லை. வேற்றிட மீன் ஓர் ஓடையில் புகும்போது, அங்குள்ள சிறுமீன்களும் தலைப்பிரட்டைகளும் பூச்சிகளும் புதியதொரு கொன்றுண்ணியை எதிர்கொள்கின்றன. உலகின் மிகக் கேடுதரும் அயல் உயிரினங்கள் நூறு அடங்கிய பட்டியலில் வானவில் டிரவுட்டும் பழுப்பு டிரவுட்டும் இடம்பெற்றுள்ளன.

டிரவுட் இல்லாத ஓடையிலும் பூச்சிகளின் பணி குறைவதில்லை. அவை இலைச்சருகைச் சிதைத்து, மீனுக்கும் தவளைக்கும் தட்டானுக்கும் உணவாகின்றன. அத்துடன் நீரின் தூய்மைக்கும் சான்று கூறுகின்றன. மேஃபிளையின் இளவுயிரி பக்கச் செவுள்களால் சுவாசிக்கிறது. கழிவுநீர் கலந்து உயிர்வளி குறைந்தாலும், பூச்சிக்கொல்லி கரைந்து வந்தாலும், சரிவிலிருந்து வரும் வண்டல் கற்களின் இடுக்கை அடைத்தாலும், இவ்வினத்துள் பல மறைந்துவிடும். அவ்விடத்தில் உயிர்வளி குறைந்த சேற்றிலும் வாழவல்ல செந்நிறப் புழுக்கள் பெருகும். ஒருமுறை எடுக்கும் நீர் மாதிரி அன்றைய நிலையை மட்டுமே காட்டும். பல மாதங்கள் அங்கேயே வாழும் பூச்சியோ அத்தனை நாளும் ஓடை எவ்வாறிருந்தது என்பதைக் காட்டும். அதனால்தான் பல நாடுகளில் நீரின் தரத்தை மதிப்பிட இவற்றை எண்ணிக் கணக்கிடுகின்றனர்.

ஏற்காடு ஏரி நிரம்பி வழியும் நீர் கிளியூர் அருவியாக வீழ்கிறது. காப்பித் தோட்டங்களிலும் குடியிருப்புகளிலும் விடுதிகளிலும் மலைமேல் நிகழ்வதனைத்தும் அந்நீரோடு கீழிறங்கும். ஓடையில் கிடக்கும் கல்லொன்றை மெல்லப் புரட்டி, அடியில் ஒட்டியிருக்கும் உயிர்களை எண்ணிப் பார்த்து, கல்லை முன்போலவே வைத்துவிட எந்த மாணவராலும் இயலும். மூன்று வால் இழைகளுடன் தட்டையான சிற்றுயிர்கள் அங்கே பலவாக நெளிந்தோடினால், அந்த ஓடை இன்னும் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.