பாலைவனக் கரையில் பவளம், நம் கரையில் சேறு: ஏன்?

வாழிடம் பற்றிய பாடத்தில் பவளப்பாறைப் படத்தைக் காட்டியதும் மாணவர் கேட்பார்: "டீச்சர், நம்ம கோலசிலாங்கூர் கடல்ல ஏன் இந்த மாதிரி இல்ல? இங்க வெறும் சேறாத்தானே இருக்கு!" நம்ம கடல் அழுக்கு என்று சொல்லி முடித்துவிட வேண்டாம். இதற்கு விடை சொல்ல ஒரு பாலைவனக் கரை உதவும்.

எகிப்தின் சினாய் தீபகற்பத்தில், செங்கடல் ஓரம், ராஸ் முகம்மது என்ற இயற்கைப் பூங்கா உள்ளது. 1983இல் அது பாதுகாக்கப்பட்ட பகுதியானது. கரையில் பெரும்பாலும் மணலும் மொட்டைப் பாறையும்தான். தண்ணீருக்குள் முகத்தை வைத்துப் பார்த்தால் பவளமும் மீன்களும் நிறைந்து கிடக்கும். ஸ்கூபா முக்குளிப்புக்கு உலகெங்குமிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

காரணம் வெயிலும் தெளிந்த நீரும். பவளம் கல் அல்ல, விலங்கு. அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து பவளத்துக்குப் பெரும்பகுதி உணவைத் தருகின்றன. வெளிச்சம் குறைந்தால் பவளம் பட்டினிதான். செங்கடலில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு ஒன்றுகூடக் கலப்பதில்லை, மழையும் அபூர்வம். அதனால் கடலில் மண் கரைவது குறைவு. முக்குளிப்பவர் பல நாள்களில் 20 முதல் 30 மீட்டர் தூரம்வரை பார்க்கலாம்.

நம் கரையில் சிலாங்கூர் ஆறு, தெங்கி ஆறு, பெர்னாம் ஆறு மூன்றும் மண்ணோடு வந்து கலக்கின்றன. கடலோரம் ஆழமில்லாத சமதளம். ஏற்றமும் வற்றமும் தினமும் சேற்றைக் கலக்கிவிடும். ஆற்று முகத்திலிருந்து விலகிப் போனால் நிலைமை வேறு. இதே மலாக்கா நீரிணையில், கெடா கரைக்கு அப்பால், பாயார் தீவில் பவளப்பாறை உண்டு.

முக்குளிப்பவர் கற்கும் இரண்டு விதிகளையும் பாடத்தோடு இணைக்கலாம். முதல் விதி, மூச்சை அடக்கக் கூடாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே தோம்பிலிருந்து இழுத்த காற்று, மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும்; அடக்கி வைத்தால் நுரையீரல் கிழியலாம். இரண்டாவது, உடலை மிதக்கவிட்டுத் துடுப்புக் காலால் அடிமணலைக் கிளப்பாமல் நீந்த வேண்டும். கிளம்பிய மணல் பவளத்தின் மேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். ஆற்று மண் செய்வதும் இதே வேலைதான்.

அப்படியென்றால் நம் சேறு வீணா? கெராங் சேற்றில்தான் வளரும். அலையாத்தி மரங்களின் வேர்கள் சேற்றைப் பிடித்து வைக்கின்றன. இறால் குஞ்சுகளுக்கு அங்கேதான் அடைக்கலம். கம்போங் குவாந்தானில் மின்மினிகள் மின்னும் பெரெம்பாங் மரமும் ஆற்றோரச் சேற்றில் வேரூன்றியதே. 

ஆனால் அளவு உண்டு. தோட்டத்தில் பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது மண் வெறுமையாகக் கிடக்கும். ஒரு பெரிய மழையில் வாய்க்கால் செந்நிறமாக ஓடுவதை நம் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்த மண் ஆற்றுக்குப் போகும். மறுநடவு நிலத்தில் கொடிப்பயிர் போடுவதன் ஒரு காரணம் இந்த அரிப்பைத் தடுப்பதுதான்.

வகுப்பில் செய்ய: மூன்று கண்ணாடிக் குவளைகளில் குழாய் நீர், மழைக்குமுன் எடுத்த வாய்க்கால் நீர், மழைக்குப்பின் எடுத்த வாய்க்கால் நீர் ஊற்றுங்கள். வாய்க்கால் நீரை ஆசிரியரே எடுத்து வரட்டும். பிள்ளைகளை அனுப்ப வேண்டாம். பின்னால் டார்ச் அடித்து, எதில் வெளிச்சம் கடக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். பிறகு கேளுங்கள்: "எந்தக் குவளையைப் போலத் தெளிந்த கடல்நீரில் பவளம் வாழும்? எதைப் போலக் கலங்கிய கடல்நீரில் கெராங் வாழும்? மூன்றாவது குவளை இவ்வளவு கலங்க என்ன காரணம்?"