நூறு காரணிகள் கொண்ட எண்

கோல சிலாங்கூருக்கு அனுப்பும் கடிதத்தின் உறையில் 45000 என்ற அஞ்சல் குறியீட்டு எண்ணை எழுதுகிறோம். சுங்கை பெசாருக்கு 45300, செகிஞ்சானுக்கு 45400. இவ்விரண்டு எண்களுக்கும் இடையில் 45360 என்னும் எண் இருக்கிறது. கணித உலகில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தோட்டத்து நாற்றங்காலில் 12 செம்பனைக் கன்றுகள் உள்ளன. அவற்றை மீதமின்றிச் சமமான வரிசைகளாக அடுக்க வேண்டும். வரிசைகளின் எண்ணிக்கை 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகைகளில் அமையலாம். இந்த ஆறு எண்களே 12-இன் காரணிகள். ஒரு கன்று கூடி 13 ஆகிவிட்டால், ஒரே வரிசையாகவோ 13 வரிசைகளாகவோ மட்டுமே அடுக்க முடியும். ஏனெனில், 13 ஒரு பகா எண். ஆகவே, எண் பெரிதாவதால் மட்டும் காரணிகள் பெருகிவிடுவதில்லை.

அப்படியானால், 45360-க்கு எத்தனை காரணிகள் உள்ளன? ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. முதலில் 12-ஐப் பகாக் காரணிகளாகப் பிரிப்போம்: 12 = 2² × 3. இதன் காரணி ஒன்றை உருவாக்கும்போது, 2-ஐச் சேர்க்காமல் விடலாம். ஒரு முறை சேர்க்கலாம். இரு முறையும் சேர்க்கலாம். இவை மூன்று வழிகள். 3-ஐ விடலாம் அல்லது சேர்க்கலாம். இவை இரண்டு வழிகள். 3 × 2 = 6. அதாவது, ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டி, வந்த எண்களைப் பெருக்கினால் போதும்.

இனி, 45360 = 2⁴ × 3⁴ × 5 × 7. எனவே, அதன் காரணிகள் 5 × 5 × 2 × 2 = 100. முழுமையாகத் தோன்றும் 45000-க்கோ 60 காரணிகள்தாம். 45360-ஐவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் நூறு காரணிகள் இல்லை. இவ்வாறு, தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகளைக் கொண்ட எண்ணை 'உயர் பகு எண்' என்பர். 12-உம் அத்தகைய எண்ணே.

இவ்வெண்களை ஆழமாக ஆராய்ந்தவர் கணித மேதை சீனிவாச இராமானுஜன். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், 1915-ஆம் ஆண்டில் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இதைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அதற்காகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916-இல் அவருக்குப் பட்டம் வழங்கியது. கணினி இல்லாத அக்காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட உயர் பகு எண்களை அவர் பட்டியலிட்டார். அவற்றுள் மிகப் பெரியது 6,746,328,388,800. அதற்கு 10,080 காரணிகள் உள்ளன. அதனை 23-ஆல் வகுத்தால் 293,318,625,600 கிடைக்கும். இதுவும் ஓர் உயர் பகு எண்ணே. ஆனால், இராமானுஜனின் பட்டியலில் இது விடுபட்டிருந்தது.

மேதை சொன்னதையும் மீண்டும் சரிபார்ப்பதே கணிதத்தின் மரபு. அந்த உரிமை மாணவருக்கும் உண்டு. பெஸ்தாரி ஜெயாவின் அஞ்சல் குறியீட்டு எண்ணான 45600-க்கு 72 காரணிகள் உள்ளன. சரிதானா? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.